பெயர் இல்லாத பட்டியல்

செல்போன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் நம்மைப் பற்றி எழுதிவைக்கப்படும் வரி சுவாரசியமே இல்லாதது. உங்கள் எண், நீங்கள் அழைத்த எண், தேதி, நேரம், எத்தனை வினாடி, அப்போது எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தீர்கள். அவ்வளவுதான். மாமியாரைப் பற்றிக் குறை சொன்னீர்களா, கடன் கேட்டீர்களா, காதலைச் சொன்னீர்களா என்பதெல்லாம் அதில் கிடையாது. பில் போடுவதற்காகப் பிறந்த வரி. பில்லைக் கட்டியதும் நாம் மறந்துவிடுகிறோம். கம்பெனி மறப்பதில்லை.

கடந்த 20 ஆண்டுகளாகச் சமூகவியல் அறிஞர்களும் இயற்பியல் அறிஞர்களும் போட்டி போட்டுக்கொண்டு இந்த வரிகளின் பின்னால் ஓடுகிறார்கள். ஒரு வரி எதையும் சொல்லாது. ஆனால் ஒரு நகரத்தில் 10 லட்சம் பேர் ஆறு மாதத்தில் விட்டுச்செல்லும் கோடிக்கணக்கான வரிகளை ஒன்றாகக் கொட்டிப் பார்த்தால், அங்கே யாருக்கும் யாருக்கும் உறவு, யாருக்கும் யாருக்கும் பேச்சே இல்லை என்ற படம் மெல்ல எழுந்து வருகிறது. கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனால் இந்தப் படம் கிடைக்காது. "உங்களுக்கு வேற்று மதத்தில், வேற்று ஜாதியில் நண்பர்கள் உண்டா?" என்று கேட்டால் இந்த நாட்டில் இல்லை என்று சொல்பவர் யார்? நாம் எல்லோருமே பெருந்தன்மையானவர்கள். பில் அப்படியல்ல.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1961-லேயே ஜான் நிஸ்டுவன், மைக்கேல் டேசி என்ற இரண்டு அமெரிக்கப் புவியியல் அறிஞர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் 40 ஊர்களுக்கு இடையே நடந்த ட்ரங்க் கால்களின் எண்ணிக்கையை வைத்து, எந்த ஊர் எந்த ஊரின் நிழலில் வாழ்கிறது என்று கணக்குப் போட்டார்கள். ஓர் ஊரிலிருந்து கிளம்பும் அழைப்புகளில் அதிகமானவை தன்னைவிடப் பெரிய ஊருக்குப் போனால், அது அந்தப் பெரிய ஊரின் பரிவாரம். தன்னைவிடச் சின்ன ஊருக்குப் போனால், தானே ராஜா. எளிமையான விதி, நன்றாகவே வேலை செய்தது. அவர்கள் எண்ணியது ஊர்களை. ஊருக்குள் இருக்கும் மனிதர்களை ஒவ்வொருவராக எண்ண செல்போன் வரவேண்டியிருந்தது, ஏனென்றால் வீட்டு போன் குடும்பத்துக்குச் சொந்தம், செல்போன் ஆளுக்குச் சொந்தம். (நம் ஊரில் இது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்குப் பிறகு வருகிறேன்.)

2007-ல் ஓர் ஐரோப்பிய நாட்டின் சுமார் 46 லட்சம் பேருடைய 18 வார அழைப்புகளை யுக்கா-பெக்கா ஒன்னெலாவும் அவரது சகாக்களும் ஆராய்ந்தார்கள். ஒருதலையாக வந்த அழைப்புகளைத் தள்ளிவிட்டு, அவர் இவரையும் இவர் அவரையும் அழைத்திருந்தால் மட்டுமே உறவு என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு விளையாட்டு. மணிக்கணக்கில் பேசும் நெருக்கமான உறவுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார்கள். வலை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதே தவிர அறுந்துவிடவில்லை. எப்போதாவது இரண்டு நிமிடம் பேசும் அரைகுறை உறவுகளை வெட்டியபோது வலை திடீரென்று துண்டு துண்டாகச் சிதறியது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் சொன்னதுதான் இது: சமூகத்தை இணைத்துவைப்பது உயிர் நண்பர்கள் அல்ல, தெரிந்தவர்கள். உயிர் நண்பர்கள் எல்லோரும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையே பாலமாக இருப்பவர் முன்னாள் சக ஊழியர், பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்காரர், ரயிலில் பழக்கமானவர். ஒரு நகரத்தில் கலவரம் வரும்போது முதலில் அறுந்துபோவதும் இந்தப் பாலங்கள்தான்.

பெல்ஜியத்தின் கதை இன்னும் ருசிகரமானது. 2008-ல் வின்சென்ட் ப்ளோண்டெல் உள்ளிட்ட நால்வர் அந்த நாட்டின் சுமார் 20 லட்சம் செல்போன் சந்தாதாரர்களின் அழைப்புகளை ஒரு புதிய கணக்கு முறையில் பிரித்தார்கள். முறை இதுதான். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் தனிக் கூட்டம். ஒருவரைப் பக்கத்துக் கூட்டத்தில் சேர்த்துப் பார்ப்பார்கள். குருட்டாம்போக்கில் நடக்கக்கூடியதைவிட அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயே பேச்சு அதிகமானால் அவர் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த கூட்டம். எல்லோரும் இடம் பிடித்ததும் ஒவ்வொரு கூட்டத்தையும் ஓர் ஆளாகப் பாவித்து மறுபடியும் அதே வேலை. இனி மாற்ற ஒன்றுமில்லை என்று ஆகும்வரை. யார் டச்சு மொழி பேசுபவர், யார் பிரெஞ்சு பேசுபவர் என்பது கம்ப்யூட்டருக்குச் சொல்லப்படவில்லை. கூட்டங்கள் அமைந்த பிறகு ஒவ்வொருவரின் மொழியையும் எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். 10,000 பேருக்கு மேல் இருந்த 36 கூட்டங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 85 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஒரே மொழிக்காரர்கள். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு மொழியும் ஏறக்குறையச் சமம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். பக்கத்தில் இருப்பவர்களோடுதான் மனிதர்கள் அதிகம் பேசுவார்கள், டச்சுக்காரர்கள் வடக்கே இருக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் தெற்கே இருக்கிறார்கள், இதில் மொழி எங்கே வந்தது? நியாயமான கேள்வி. 2011-ல் ஒரு குழு இதே நாட்டின் தகவல்களை எடுத்து, தூரத்தால் வரும் விளைவைக் கழித்துவிட்டுப் பார்த்தது. நாடு மேலும் தெளிவாக வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. நாலாபுறமும் டச்சுப் பகுதி சூழ்ந்திருக்கும் பிரஸ்ஸல்ஸ் நகரம், பேச்சில் தெற்கோடு போய்ச் சேர்ந்தது.

உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் இன்று பயன்படுத்தும் இந்தக் கணக்குக்கு 'லூவேன் முறை' என்று பெயர். ப்ளோண்டெலின் பல்கலைக்கழகத்தின் பெயர் அது. அந்தப் பல்கலைக்கழகமே 1968-ல் மொழிச் சண்டையில் இரண்டாக உடைந்த ஒன்று. டச்சு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசாங்கம் கவிழ்ந்தது, பிரெஞ்சுப் பிரிவு பழைய ஊரை விட்டு வெளியேறித் தனக்கென்று ஒரு புது ஊரையே கட்டிக்கொண்டது. நூலகத்தின் புத்தகங்களை ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பங்கு பிரித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சகோதரர்கள் பாகப்பிரிவினையில் அம்மாவின் பாத்திரங்களைப் பிரித்துக்கொள்வது போல. மொழியால் பிரிந்த சமூகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, அப்படிப் பிரிந்த இடத்திலிருந்தே வந்தது பொருத்தம்தான்.

மொழியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எஸ்தோனியாவின் தலைநகரம் டாலினில் நடந்த ஆராய்ச்சி, தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வசிக்கும் எந்தத் தமிழரும் யோசித்துப் பார்க்க வேண்டியது. டாலினில் எஸ்தோனிய மொழி பேசுபவர்களும் ரஷ்ய மொழி பேசுபவர்களும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. சோவியத் காலத்தில் கட்டப்பட்ட லாஸ்னமேயின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பான்மை ரஷ்யர்கள். 1991-ல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் இந்தக் குடியிருப்பு வரைபடம் பெரிதாக மாறவில்லை. டார்ட்டு பல்கலைக்கழகத்தின் சீரி சில்ம், ரைன் ஆஹாஸ் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சந்தாதாரர் போன் வாங்கும்போது எந்த மொழியில் சேவை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தாரோ அதை வைத்து அவரை இனம் பிரித்தார்கள். பிறகு அவரது அழைப்பு எந்தக் கோபுரத்தின் வழியாக, எந்த நேரத்தில் போனது என்று பார்த்தார்கள்.

ஒரே நகரத்தில் இரண்டு நகரங்கள் இருந்தன, ஒன்று பகலில், மற்றது இரவில். பகலில் இரண்டு கூட்டமும் கலந்திருந்தது. அலுவலகம், கடை, பள்ளி என்று ஒரே தெருவில் புழங்கினார்கள். இரவானதும் தண்ணீரும் எண்ணெயுமாகப் பிரிந்தார்கள். வேலை நாட்களைவிட வார இறுதியில் பிரிவினை அதிகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுவது இரவு நகரத்தை மட்டும். நாம் எங்கே படுத்துத் தூங்குகிறோம் என்பதுதான் அதற்குத் தெரியும். பகலைப் பார்க்க போன் தேவைப்பட்டது. ஆனால் ஒரே கோபுரத்தின் கீழ் இருப்பதும் ஒருவரோடு ஒருவர் பழகுவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மும்பை லோக்கல் ரயிலில் எல்லா ஜாதியும் எல்லா மதமும் தோளோடு தோள் உரசித்தான் நிற்கின்றன.

நம் நகரங்களுக்கு வருவோம். 2001 கணக்கெடுப்பின் வார்டு விவரங்களை வைத்து த்ரினா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் 2012-ல் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்தார்கள். நகர்ப்புறத்தில் மனிதர்கள் பணத்தால் பிரிந்து வாழ்வதைவிட ஜாதியால் பிரிந்து வாழ்வதுதான் அதிகம் என்று தெரிந்தது. நகரத்துக்கு வந்தால் ஜாதி கரைந்துவிடும் என்று நம்பிய தலைவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. 2018-ல் நவீன் பாரதி, தீபக் மல்கன், அந்தலீப் ரஹ்மான் ஆகியோர் வார்டுக்கும் கீழே இறங்கி, கணக்கெடுப்பாளர் ஒருவர் சுற்றிவரும் சிறு பகுதி அளவில் பார்த்தார்கள். வார்டு அளவில் கலந்து வாழ்வதுபோலத் தெரிந்தவர்கள், உள்ளே போனால் தெருத்தெருவாகப் பிரிந்திருந்தார்கள்.

இவை எல்லாம் கதவு எண்ணைப் பற்றிய ஆராய்ச்சிகள். அகமதாபாத்தின் ஜூஹாபுராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் சபர்மதி வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக ஆரம்பித்த குடியிருப்பு. அப்போது இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருந்தார்கள். ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் இந்துக்கள் வெளியேறினார்கள், நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள். 2002-க்குப் பிறகு இன்னும் வேகமாக. பதற்றமான பகுதிகளில் மாவட்டக் கலெக்டரின் அனுமதியில்லாமல் சொத்தை விற்க முடியாது என்று 1991-ல் குஜராத் போட்ட சட்டமும் சேர்ந்து, யார் எங்கே இருப்பது என்பதை உறையவைத்துவிட்டது. பக்கத்தில் வேஜல்பூர், இடையில் ஒரு சாலை. அந்தச் சாலையை மனிதர்கள் தாண்டுகிறார்களா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். குரல் தாண்டுகிறதா? பழைய சிநேகிதர்கள் தொலைபேசியிலாவது சிநேகிதர்களாக இருக்கிறார்களா, அல்லது 2002-க்குப் பிறகு அந்த எண்கள் அழிக்கப்பட்டுவிட்டனவா? அழைப்பு வரிகளில் இதற்கு விடை இருந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். தெரிந்துகொள்ளக் கூடாது என்றும் தோன்றுகிறது. அதற்கான காரணத்துக்கு முன்னால், இந்தக் கருவி இந்தியாவில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆளுக்கு ஒரு போன் என்ற கணக்கு. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்தான். மற்றவர்கள் கணவரின் போனிலோ மகனின் போனிலோ பேசுகிறார்கள். கம்ப்யூட்டரின் பார்வையில் அந்தப் பெண் இல்லவே இல்லை. அவளுடைய அண்ணனோடும் தங்கையோடும் அவள் பேசுவதெல்லாம் கணவரின் கணக்கில் ஏறும். மைத்துனரோடு இவ்வளவு பாசமா என்று ஆராய்ச்சியாளர் வியந்துபோவார்.

இரண்டாவது, மிஸ்டு கால். 2003 மே மாதம்வரை நம் நாட்டில் செல்போனில் அழைப்பவர் மட்டுமல்ல, எடுப்பவரும் பணம் கட்டவேண்டியிருந்தது. அதன் பிறகும் பல வருஷங்களுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவது ஒரு தனி பாஷை. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. எடுக்காத அழைப்புக்குப் பில் கிடையாது, எனவே பில் வரிகளில் அதற்கு இடமும் கிடையாது. யார் மிஸ்டு கால் கொடுக்கிறார், யார் திருப்பி அழைக்கிறார் என்பதில் நம் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியது. வாட்ஸ்அப்போ பாதிப் பேச்சைச் செல்போன் கம்பெனியின் அழைப்புக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டது. படித்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் இந்தப் படத்திலிருந்து முதலில் நழுவினார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. என் போனில் ஒரு மாதத்தில் அதிகமாக வந்த பெயர்களைப் பார்த்தேன்: அபார்ட்மென்ட் வாட்ச்மேன், கேஸ் ஏஜென்சி, கால் டாக்சி ஓட்டுனர் ஒருவர். 'கேட்டில் ஆள் வந்திருக்கிறார்', 'அனுப்புங்கள்'. 12 வினாடி. நானும் அவரை அழைக்கிறேன், அவரும் என்னை அழைக்கிறார். ஒன்னெலாவின் விதிப்படி இது பரஸ்பர உறவு. ஜாதியையும் வர்க்கத்தையும் தாண்டிய நட்பு என்று கம்ப்யூட்டர் மகிழ்ச்சியோடு ஒரு கோடு போடும். இந்திய நகரத்தில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே பேச்சு இல்லாமல் இல்லை. ஏவலாக ஏராளமாக இருக்கிறது. ஏவலை நட்பிலிருந்து பிரிக்க நேரமும் வினாடிக் கணக்கும் ஓரளவு உதவும். ஞாயிற்றுக்கிழமை மாலை அரைமணி நேரம் யாரோடு பேசுகிறீர்கள் என்று பார்க்கவேண்டும்.

கருவி சறுக்கும் என்பதற்காக அது பயனற்றது என்று அர்த்தமில்லை. 2012-ல் ஓர் ஐரோப்பிய நாட்டின் 32 லட்சம் பேரின் அழைப்புகளை ஆராய்ந்தவர்கள், இளம் வயதுப் பெண்கள் அதிகம் அழைப்பது ஏறக்குறையத் தம் வயதுள்ள ஓர் ஆணை, பெரும்பாலும் கணவராக இருக்க வேண்டும் என்று கண்டார்கள். 50 வயதை ஒட்டி அந்த முதலிடம் ஒரு தலைமுறை இளைய பெண்ணுக்குப் போய்விடுகிறது. மகள் என்று ஊகிக்கலாம். கணவருக்குத் தெரிந்ததா என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஐவரி கோஸ்டில் ஆரஞ்ச் கம்பெனி 50 லட்சம் பேரின் அழைப்புகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளர்களிடம் கொடுத்தபோது, ஐபிஎம் ஆட்கள் அதை வைத்து அபிஜான் நகரத்தின் பஸ் தடங்களை எப்படி மாற்றினால் பயண நேரம் 10 சதவீதம் குறையும் என்று காட்டினார்கள். துருக்கியில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் இருந்த 2018-ல், துருக் டெலிகாம் சுமார் 10 லட்சம் பேரின் தகவலைத் தந்தது, அதில் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 'அகதி' என்று குறி போட்டிருந்தது. அகதிகள் உள்ளூர்க்காரர்களோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை வைத்து எந்த நகரம் அவர்களை ஏற்றுக்கொண்டது, எது ஒதுக்கியது என்று அளந்தார்கள். நல்ல நோக்கம். குறி போடுவதில் வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பத்தையும் சேர்த்திருந்தார்கள். அகதியை அடையாளம் காட்டுவது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெயரை நீக்கிவிட்டோம், எண்ணை மாற்றிவிட்டோம், இனி யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்று கம்பெனிகள் சொல்வது வழக்கம். 2013-ல் இவ்-அலெக்ஸாந்த்ர் தெ மோன்ஜ்வாவும் சகாக்களும் 15 லட்சம் பேரின் 15 மாதத் தகவலைப் பரிசோதித்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு உதாரணங்கள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம். உங்கள் வீடும் அலுவலகமும் தெரிந்த எவருக்கும் இரண்டு புள்ளிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

ஒருவரைப் பிரித்தெடுப்பதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஒரு கூட்டத்தையே பிரித்தெடுப்பது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. 1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர் வீடுகளைத் தேடி வந்தவர்களிடமும் வாக்காளர் பட்டியலும் ரேஷன் கார்டு பட்டியலும் இருந்ததாகப் பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 1994-ல் ருவாண்டாவில் அடையாள அட்டையிலேயே ஹூட்டு, டுட்ஸி என்று அச்சடித்திருந்தது. சாலைத் தடுப்பில் அட்டையைக் காட்டச் சொன்னார்கள். அதே ருவாண்டாவில் 15 லட்சம் சந்தாதாரர்களின் அழைப்புகளை வைத்து யார் ஏழை, யார் வசதியானவர் என்று கணிக்கமுடியும் என 2015-ல் ஜோஷுவா ப்ளூமென்ஸ்டாக் குழு காட்டியது. அவர்கள் இனத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை பெல்ஜியத்தின் 85 சதவீதம் சொல்கிறது.

அந்தப் பழைய பட்டியல்களில் பெயரைப் பார்த்து ஊகிக்கவேண்டியிருந்தது. பெயரை மாற்றிச் சொல்லியோ, கதவிலிருந்த பலகையைக் கழற்றியோ, பக்கத்து வீட்டாரின் தயவிலோ சிலர் தப்பினார்கள். அழைப்பு வரிகளில் பெயரே வேண்டியதில்லை. ஜாதியை விட்டவர், மதத்தைச் சொல்லாதவர், குடும்பப் பெயரை எடுத்துவிட்டவர் யாராக இருந்தாலும் அக்காவோடும் மாமாவோடும் பேசுவதை விட்டுவிட முடியுமா? அவர் எந்தக் கூட்டம் என்பதை அக்காவின் எண்ணே சொல்லிவிடும்.

இந்த வரிகளுக்கு இங்கே காவல் எப்படி? கம்பெனிகள் இவற்றை ஒரு வருஷம் வைத்திருக்கவேண்டும் என்றிருந்த விதி 2021 டிசம்பரில் இரண்டு வருஷமாக நீட்டப்பட்டது. 2013-ல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலைச் சட்டவிரோதமாகப் பெற முயன்றதாக ஒரு போலீஸ்காரர் உட்படச் சிலரை தில்லிப் போலீசார் கைது செய்தார்கள். 2018-ல் இத்தகைய பட்டியல்களை விற்றதாகத் தானேயில் தனியார் துப்பறிவாளர்கள் சிக்கினார்கள். 2020-ல் தில்லி உட்படப் பல பகுதிகளில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு எல்லா சந்தாதாரர்களின் அழைப்பு விவரத்தையும் தொலைத்தொடர்புத் துறை கேட்பதாகக் கம்பெனிகளின் சங்கம் முறையிட்டது. கால் டிராப் புகார்களை ஆராயத்தான், அதில் யாருடைய அடையாளமும் இல்லை என்றது துறை. 2017-ல் சுப்ரீம் கோர்ட் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒரு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்குத் தருகிறது. ஒரு கூட்டத்தைப் பற்றி முடிவெடுத்தால் என்ன என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. தனி நபர்களைக் காப்பாற்ற எழுதப்பட்ட சட்டத்தின் கண்ணில் கூட்டம் படுவதில்லை.

2025 ஏப்ரலில் மத்திய அரசு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய ஜாதியும் கேட்கப்படும் என்று அறிவித்தது. சுதந்திர இந்தியாவின் கணக்கெடுப்பில் இப்படி எல்லோரிடமும் கேட்பது இதுதான் முதல் முறை. அதைப் பற்றி நாடே சண்டை போட்டது, நல்லதுதான். கணக்கெடுப்பாளர் நேரில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார், நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார். 1948-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தாளை வேறு யாரும் பார்க்கக் கேட்க முடியாது. கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. அழைப்பு வரிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை தினமும் ஏதாவது ஒரு கோர்ட்டில் சாட்சியமாக வந்துகொண்டிருக்கின்றன.